கரும்புத் தொட்டிலும் பால் நேரமும்



எங்கள் வீடு கோலாலம்பூரின் செராஸ் பகுதியில், தாமான் மிடாவில். தைப்பூசம் நெருங்கிவிட்டால் எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கிக்குள்ளும் ஒரே கேள்விதான்: "எப்போ பத்துமலைக்குப் போறீங்க?" இந்த முறை பதில் சொல்ல வேண்டியவள் என் மகள். பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டிலில் சுமந்து வருகிறேன் என்று பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். இப்போது மடியில் நாலு மாதத்துப் பையன். "பையில் என்னம்மா எடுத்து வைக்கணும்?" என்று கேட்டாள். "பை கிடக்கட்டும், முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்" என்றேன்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது தைப்பூசத்தன்றே, நல்ல வெயிலில், தள்ளுவண்டியோடு போனேன். பத்துமலையில் 272 படி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தள்ளிக்கொண்டு போனேன். படியடியில் அதை மடக்கி ஒரு கையில் பிடித்தேன், மறு கையில் அழுகிற பிள்ளை. பாதிப் படியில் மாமியார் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சாமி காத்திருக்கும், பிள்ளை வயிறு காத்திருக்காது. உட்கார்ந்து பால் கொடு."

சின்னப் பிள்ளையோடு எங்கே போனாலும் இதுதான் கணக்கு. பால் நேரம், தூக்க நேரம் இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் நம் பயணத்தைப் பொருத்துங்கள்.

நாளுக்கு வருவோம். பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டதும் கூட்டம் திரளத் தொடங்கிவிடும். நேர்த்திக்கடனை முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கைக்குழந்தைக்காரர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு ஓரிரு வாரம் முன்பு, ஒரு விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம்.

செராஸ்காரர்களுக்கு வழி சுலபம். எம்.ஆர்.டி.யில் ஏறி முசியம் நெகாராவில் இறங்கினால், மூடிய நடைபாதை வழியாகவே கே.எல். சென்ட்ரலுக்கு நடந்துவிடலாம். அங்கிருந்து கொமுட்டர் ரயில் நேரே பத்துமலை அடிவாரத்தில் விடும். எம்.ஆர்.டி.க்குள் சாப்பிடவோ குடிக்கவோ அனுமதியில்லை. பெரிய பிள்ளைகளை ஏறுமுன்பே பசியாற வைத்துவிடுங்கள். ரயில் மாறும் இடத்தில் அவசரம் வேண்டாம். அங்கேயே பாம்பர்ஸ் மாற்றி, பால் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

தொட்டில் கட்டும் கரும்பை ரயிலில் கொண்டுபோவது சிரமம். காரில் வருகிற மைத்துனர் எடுத்து வரட்டும். காரில் பிள்ளையும் போனால் ஒன்றை மறக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தனியார் வாகனங்களில் பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். "பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். சட்டென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது.

இனி உடுப்பு. அன்றைக்கு எல்லாரும் மஞ்சள்தான் உடுத்துவோம். அதனால்தான் மஞ்சள் சட்டைப் பிள்ளையைக் கூட்டத்தில் தேடுவது பெரும்பாடு. மஞ்சளே போடுங்கள், ஆனால் தலைக்கு ஒரு சிவப்புத் தொப்பியும் வையுங்கள். புறப்படும்போது அதே உடுப்பில் ஒரு படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். நம் எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். "அம்மாவைக் காணோம்னா ஓடாதே, நின்ன இடத்திலேயே நில்லு" என்று வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் கூடும் இடத்தையும் பேசிவையுங்கள். பெரிய முருகன் சிலையடியில் ஊரே நிற்கும். ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் பச்சை அனுமார் சிலையே மேல்.

இப்போது தொட்டில். கரும்பில் கட்டுவதற்குக் கெட்டியான பருத்திச் சேலையாக எடுங்கள். பட்டு வழுக்கும். முடிச்சை இரட்டையாகப் போட்டு, பிள்ளையைக் கிடத்துமுன் ஒரு அரிசி மூட்டையை வைத்துத் தூக்கிப் பாருங்கள். கரும்பைத் தூக்கும் இருவரில் உயரமானவர் பின்னால் வரட்டும். படியேறும்போது பின்னவர் தாழ்ந்த படியில் நிற்பார் அல்லவா, அவர் உயரம் தொட்டிலைச் சமமாக்கும். பிள்ளையின் முகத்தைத் துணி மூடக்கூடாது. தொட்டிலுக்கடியில் கை வைத்தபடி மூன்றாவது ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். இறங்கும்போது தொட்டில் வேண்டாம். தோளில் அணைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒட்டி மெதுவாக இறங்குங்கள். உறுமி மேளச் சத்தம் பக்கத்தில் வந்தால் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு விலகி நில்லுங்கள்.

வெயிலென்று சொல்லிப் பாட்டிமார் கைக்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவோம். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். வெயில் நாளில் அதையே அடிக்கடி கொடுத்தால் போதும், தண்ணீர் தாய்க்கு வேண்டும். மொட்டை அடிக்கிறீர்களா? புது பிளேடை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். சந்தனம் பூசிய தலைக்கு மெல்லிய தொப்பி போட்டு நிழலிலேயே வைத்திருங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் சோறும் பானமும் அன்போடு கொடுப்பார்கள். சூடான சோற்றைப் பெரிய பிள்ளைக்குக் கொடுங்கள், திறந்து கிடக்கும் ஐஸ் பானத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாகக் குரங்குகள். பிளாஸ்டிக் பையின் சலசலப்பு கேட்டாலே இறங்கிவிடும். தீனி எதையும் கையில் பிடிக்காமல் ஜிப் வைத்த பைக்குள் வையுங்கள். பறித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகளிடம் அந்தத் தள்ளுவண்டித் தைப்பூசத்தைப் பற்றி நேற்று கேட்டேன். நான் மூச்சிரைக்க ஏறிய படிகளெல்லாம் அவளுக்கு நினைவில்லை. "குரங்கு என் மைலோவைப் பிடுங்கிக் குடிச்சதே, அதுதானேம்மா?" என்கிறாள். இரண்டு வயதில் பார்த்ததா, நாங்கள் வருடா வருடம் சொல்லிச் சொல்லிக் கேட்டதா, அவளுக்கே தெரியவில்லை. தள்ளுவண்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது. இந்த முறையும் அங்கேயே இருக்கட்டும்.