ஹங்கேரி நாட்டு நகர வாழ்க்கை
(தேர்வாய் கண்டிகையில் செய்த சொற்பொழிவு)



நாம் ஐரோப்பாவில் ஹங்கேரி தேசத்தைச் சுற்றிப் பார்த்துவந்ததைப் பற்றி இங்கே பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். சீமைக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள மாடமாளிகைகளை வர்ணித்துவிட்டு, நம் நாடு என்றைக்கு அப்படி ஆகுமோ என்று பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நாம் அப்படிச் செய்யப்போவதில்லை. கண்ட நல்லதையும் சொல்லுவோம், கெட்டதையும் சொல்லுவோம். அதில் உங்களுக்குப் பயன்படுவது எது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். டான்யூப் நதிக்கு ஒரு கரையில் புடா, மறுகரையில் பெஸ்ட் என்று தனித்தனியாயிருந்த ஊர்களை, ஓபுடாவோடு சேர்த்து, 1873-ல் ஒரே நகரமாக்கினார்கள். 1896-லேயே பூமிக்கடியில் மின்சார ரயில் ஓட்டிவிட்டார்கள். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. நாமும் அதில் ஏறிப்போய், 1913-ல் திறக்கப்பட்ட செச்சென்யி என்னும் பொதுக் குளிப்பிடத்தில் இறங்கினோம். பூமிக்குள்ளிருந்து இயற்கையாய் வரும் வெந்நீரில் ஆண்களும் பெண்களும் கிழவர்களும் ஒன்றாய் இறங்கிக் குளிக்கிறார்கள். சிலர் மார்பளவு தண்ணீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடுகிறார்கள். சீட்டு வாங்கினாயா என்று நம்மைக் கேட்டார்களே ஒழிய, நீ என்ன ஜாதி, எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு குளத்துத் தண்ணீரைத் தொடுவதற்கு 1927-ல் மகாட் என்னும் ஊரில் தோழர் அம்பேத்கார் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்த நாட்டிலிருந்து சென்ற நமக்கு, இது சாதாரணக் காட்சியாய்த் தோன்றவில்லை.

ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு, ஹங்கேரியில் மேல் கீழ் என்பதே கிடையாது என்று நாம் சொன்னால் அது சுத்தப் பொய்யாகும். தலைநகருக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் ஜோஞ்ஜோஷ் என்றொரு பட்டணம் இருக்கிறது. அதற்கு அருகில் ஜோஞ்ஜோஷ்பட்டா என்பது ஒரு சிற்றூர். அங்கே ரோமா என்னும் இனத்தார் வசிக்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று மொழியாராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் இவர்கள் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, தனி மாடி என்று வைத்திருந்தார்கள். தாழ்ந்த தரமான படிப்பு. நீச்சல் வகுப்பிலும் இவர்களைச் சேர்த்ததில்லை என்று வழக்கில் சொல்லப்பட்டது. தலைநகரில் எல்லோரும் ஒரே தண்ணீரில். சிற்றூரில் குழந்தைகளுக்குத் தனி மாடி இருந்தது! இதுதான் நாம் கண்ட ஹங்கேரி.

இந்தக் கொடுமை எப்படி அசைந்தது? அதே வட்டாரத்தில் ஜோஞ்ஜோஷ்ஹலாஸ் என்னுமிடத்தில், நம் இந்தியாவின் அப்போலோ கம்பெனி 2017-ல் ஒரு டயர் தொழிற்சாலை திறந்தது. தொழிற்சாலை வந்ததால் தனி மாடி போய்விடவில்லை. பெற்றோரும் அவர்களுக்குத் துணைநின்ற சங்கத்தாரும் நீதிமன்றம் ஏறினார்கள். அப்போது பிரதமராயிருந்த விக்டர் ஒர்பான், வேலை செய்யாத ஒரு கூட்டத்தாருக்குப் பெரும் பணம் போவது நியாயமா என்ற தோரணையில் பேசினார். அப்படியிருந்தும் 2020 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சுமார் 60 பேருக்கு ஏறக்குறைய 10 கோடி ஃபோரின்ட் நஷ்டஈட்டைப் பணமாகவே கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

கேட்டவர்களெல்லாம் ஜெயித்தார்கள் என்றும் நாம் சொல்லவில்லை. 2018 டிசம்பரில், தொழிலாளியிடம் வருஷத்துக்கு வாங்கக்கூடிய அதிகப்படி வேலையை 250 மணியிலிருந்து 400 மணியாக உயர்த்தி ஒரு சட்டம் செய்தார்கள். "அடிமைச் சட்டம்" என்று பெயரிட்டு ஜனங்கள் குளிரில் வீதியில் நின்றார்கள். சட்டம் நிறைவேறிவிட்டது. 2023 ஜனவரியில் டெப்ரெட்சன் நகரில், 221 ஹெக்டேரில் வரவிருந்த ஒரு சீன மின்கலத் தொழிற்சாலையைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கக் கூட்டம் கூட்டினார்கள். எங்கள் தண்ணீர் என்னாகும் என்று கேட்டுக் கூச்சல் போட்டார்கள். அங்கும் அனுமதி கொடுத்தாய்விட்டது. தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் தலைவிதி என்று வீட்டிலிருந்துவிடவில்லை என்பதும் உண்மை.

தோழர்களே! இதை ஏன் உங்களிடம் சொல்லுகிறோம்? ஆதிதிராவிட மக்கள் பெரும்பாலோராய் வாழும் இவ்வூரில், மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உதவிவந்த 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. பிரெஞ்சு தேசத்து மிஷெலின் கம்பெனி டயர் செய்ய வந்தது. நீங்கள் எதிர்த்தீர்கள். 2012-ல் உங்கள் முறையீடு பாரிஸ் வரைக்கும் போயிற்று. 2020-ல் இங்கே நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டு, அதன் தண்ணீர் சென்னைக்கென்று ஆயிற்று. பிரெஞ்சுக்காரன் இங்கே டயர் செய்கிறான். இந்தியன் ஹங்கேரியில் டயர் செய்கிறான். முதலுக்குத் தேசமில்லை, ஜாதியில்லை. லாபம் இருக்குமிடத்தில் அது இருக்கும். அது வந்து நம்மை மனிதராக்கிவிடும் என்று காத்திருப்பது, சாமி வந்து ஆக்கிவிடும் என்று காத்திருப்பதைப் போன்றதேயாகும்.

ஆகையால் நீங்கள் கேட்க வேண்டும். நிலம் போன வீட்டுப் பிள்ளைக்கு மதிலுக்குள்ளே இயந்திரத்தருகில் வேலையா, வாசலில் கூட்டுகிற வேலையா என்று கேளுங்கள். நிரந்தரமா, ஒப்பந்தமா என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதே படிப்பு, அதே வேலை, அதே கூலி உண்டா என்று கேளுங்கள். ஒருவராய்க் கேட்டால் விரட்டுவார்கள். சங்கமாய்க் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஜோஞ்ஜோஷ்பட்டாவில் கேட்டவர்கள் பெரிய படிப்பாளிகளல்ல. தங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை நியாயமென்று ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள், அவ்வளவுதான்.

நாம் சொன்னதற்காகவே எதையும் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் நிதானமாய் யோசியுங்கள். சரியென்று பட்டால் நாளைக்கே நான்கு பேர் கூடி, முதல் கேள்வி எது என்பதைத் தீர்மானம் செய்யுங்கள்.