அழைக்கும்போதே கேட்போம்

பெங்களூரிலும் மும்பையிலும் நம் குழந்தைகளோடு பணிபுரியும் வெளிநாட்டு நண்பர்கள் நம் அகங்களுக்கே சாப்பிட வருகிறார்கள். சந்தோஷம். "எல்லாம் சுத்த சைவம்தானே" என்று நிம்மதியாகப் பரிமாறுகிறோம். அது மட்டும் போதாது. கடையில் வாங்கும் பெருங்காயப் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு ரசம்கூட ஆகாது. பாலையும் விலக்கும் 'வீகன்' நண்பருக்கு மோர்க்குழம்பும் நெய்யும் கூடாது. ஐரோப்பிய உணவுச் சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் குறிப்பிடுவது கட்டாயம். நம் தாளிப்பில் கடுகு, தோசை மிளகாய்ப்பொடியில் எள். ஆகவே அழைக்கும்போதே "உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது?" என்று கேளுங்கள். பரிமாறும்போது என்ன சேர்த்தோம் என்று சொல்லுங்கள். அப்புறம் "இன்னும் கொஞ்சம்" என்று தைரியமாக உபசரிக்கலாம்.