இல்லாத உறுப்பை ஆக்கும் கல்வி



வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கும் தொழிலைக் கொண்டே அதனைச் சொல்ல விழைகின்றோம். பட்டறைக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு அதில் தெளிவாக விளங்கும்.

1961ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் கார் செய்யப்பட்டது. இங்கிலாந்து நாட்டு 'டிரையம்ப் ஹெரால்டு' காரின் அமைப்பைத் தழுவியது அது. இன்று அதனைச் செய்த ஆலை இல்லை. அந்தக் காரைப் பேணுவோர் மட்டும் உளர். தேய்ந்த உறுப்புக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அன்றேல் பட்டறையில் புதிதாக ஆக்கவேண்டும்.

அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை உண்டு. அம்மரை 'டிரன்னியன்' என்னும் வெண்கல உறுப்பினுள் பொருந்தித் திரும்புகின்றது. அதற்குக் கியர் எண்ணெய் இடவேண்டும். இடாது விட்டால் மரை தேயும்; தண்டு துருவேறி முறியும்; ஓடும் வண்டியின் சக்கரம் சாய்ந்துவிடும். ஆகவே, அதனைச் செய்பவன் கையில் ஓர் உயிர் இருக்கின்றது.

பழைய உறுப்பைப் பார்த்து அப்படியே செய்தால் போதாதா எனலாம். போதாது. தேய்ந்ததைப் படியெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். தேயாத பகுதியைத் தேடி அளந்து, மூல அளவைக் கணித்தறிதல் வேண்டும். மேலும், ஒரு பக்கத்து உறுப்பு வலமரை. மறுபக்கத்து உறுப்பு இடமரை. ஒன்றைக் கண்டு இரண்டையும் கடைந்தவன் வெண்கலத்தை வீணாக்குவான்.

அந்தக் காரின் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அரை அங்குலம் 12.7. '12.5 போதும்' என்று கடைந்தால் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விழும். பள்ளி ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். அந்த இடைவெளி அதனைப்போல் இருபது மடங்கு! தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்யும் அப்பாடமே கடைசல் பட்டறையில் சோறு போடுகின்றது.

இளைஞர்களே! நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் இருக்கின்றனர். ஆனால் எத்தனை பேர் கையில் அளவி இருக்கின்றது? ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவராகவும் எண்ணெய் துடைப்பவராகவுமே ஆண்டுகள் கழிகின்றன. அளப்பவனுக்கு ஒரு கூலி, துடைப்பவனுக்கு ஒரு கூலி. இரண்டுக்கும் நடுவே இருப்பது கல்வியே.

சாதி என்பது தொழிற்பிரிவினை மட்டுமன்று, தொழிலாளரையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். கைக்கு உரியவர் ஒருவர், ஏட்டுக்கு உரியவர் மற்றொருவர் என்று வகுத்த அநீதி அது. ஆகவே, 'உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு? கைத்தொழில் போதும்' என்று எவரேனும் அறிவுரை கூறினால் அதனை ஏற்காதீர்கள். 'படித்தவன் கையில் கறை படலாமா?' என்ற பேச்சையும் ஏற்காதீர்கள். இரண்டும் ஒரே நஞ்சின் இரு துளிகள். நாம் தொழில் கற்கச் சொல்வது ஏட்டைக் கைவிடுவதற்கன்று. ஏட்டைக் கையோடு சேர்ப்பதற்கே.

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர், பிட்டர், மெஷினிஸ்ட் பயிற்சிகள் உள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் நமக்கு இடஒதுக்கீடும் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவரும் நம் தெருவில் வீணே இருத்தல் ஆகாது. பட்டறையில் இருப்பவரும் வரைபடம் படிக்கவும் அளவி பிடிக்கவும் கற்கவேண்டும். மாலை வேளையில் வாருங்கள். ஆசிரியராகிய நாம் கணக்கும் அளவையும் கற்பிக்கக் காத்திருக்கின்றோம்.

கடையில் கிடைக்காத உறுப்பை ஆக்கத் தெரிந்தவனை எந்தப் பட்டறையும் இழக்க விரும்பாது. அத்தகையோர் நம்மில் பெருகுவதே இவ்விழாவின் பயனாகட்டும்.

கல்வி வளர்க! கழகம் ஓங்குக!