தண்டம் கட்டினால் முடிந்து போகுமா?

(கிளிநொச்சியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



1958லும் 1977லும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு, தோட்டத்தை விட்டு உயிர் தப்பி வந்த நம்ம சனங்கள் பலர் வன்னியில் காடு வெட்டித்தான் குடியேறினார்கள். மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம் எல்லாம் நம்ம சனங்கள் நிறைந்த ஊர்கள். இன்றைக்கும் பலருக்குக் கூலி வேலைதான் சோறு போடுகிறது. அதனால் சின்னச் சின்ன வழக்குகள் வந்து சேருகின்றன. ஒதுக்குக் காட்டில் மரம் வெட்டியது, அனுமதி இல்லாமல் மணல் ஏற்றியது, ஒரு போத்தல் கசிப்பு, இப்படி.

கோர்ட்டுக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? "ஒத்துக்கிட்டுத் தண்டத்தைக் கட்டிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம், நாளைச் சம்பளமாவது மிஞ்சும்" என்று நினைக்கிறோம். காசு கட்டியதோடு கதை முடிந்தது என்று நம்புகிறோம். முடியவில்லை, ஐயா! குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அந்தப் பழைய கதை முன்னால் வந்து நிற்கலாம்.

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே தண்டம் மட்டும் விதிக்கப்பட்டவர் ஓராண்டு ஒழுங்காக இருந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்லத் தேவையில்லை. நம்ம நாட்டில் அப்படிக் காலம் போகத் தானாக அழியும் பொது ஏற்பாடு இல்லை. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி மன்னிப்பு வழங்கலாம். ஆனால் ஏழை எளியவர் எத்தனை பேருக்கு அந்த வாசல் எட்டும்?

ஆகவே பதிவு விழுந்த பிறகு அழிக்க அலைவதை விட, விழாமல் பார்ப்பதே புத்தி. அதற்கு வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குற்றம் நிரூபணமானாலும், ஆளின் நடத்தை, வயது, சுகவீனம், குற்றத்தின் அற்பத்தன்மை இவற்றைப் பார்த்து, நீதவான் குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்து விடலாம். அல்லது மூன்று வருஷத்துக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணையில் விடலாம். இது நாம் உரிமையாகக் கேட்டு வாங்கும் பொருள் இல்லை, நீதவானின் முடிவு. எல்லா வழக்குக்கும் கிடைக்காது. ஆனால் கேட்காத வாய்க்கு எப்படிக் கிடைக்கும்?

எனவே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, வாய் திறந்து ஒத்துக்கொள்ளும் முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். வசதி இல்லாதவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இரண்டு, கிராம அலுவலரின் கடிதம், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போய், "306ஐக் கேட்டுப் பாருங்க ஐயா" என்று அவரிடம் சொல்லுங்கள். மூன்று, விளக்கம் நடந்து வந்த தீர்ப்பு பிழை என்று பட்டால், மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள்தான் இருக்கிறது. சும்மா இருந்து விடாதீர்கள்.

ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், பிள்ளை குட்டிகளின் பிழைப்பில் கறை விழ விடலாமா? யோசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.