டர்போ உடைந்த லோரி

செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டில் திணறி, நீலப் புகை கக்கி நின்றுவிட்டது. டர்போ உடைந்திருக்கிறது. புதியதைப் பூட்டி உடனே முடுக்கிவிடலாமா? கூடாது என்கிறோம்.

நிமிடத்துக்கு 100,000 சுற்றை எட்டக்கூடிய சக்கரம் அது. அதன் அலுமினியத் துணுக்குகள் காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் போயிருக்கலாம். குழாயையும் இண்டர்கூலரையும் கழற்றிக் கழுவுவோம். அங்கே தேங்கிய எண்ணெயைக் குடித்தே, சாவியை அணைத்த பின்பும் டீசல் என்ஜின் வெறிபிடித்து ஓடும். அப்போது யாரும் அருகே நிற்க வேண்டாம்.

அடுத்து, எண்ணெய் வடிகட்டியை அறுத்து உலோகத் தூள் மினுங்குகிறதா என்று பார்ப்போம். சிலிண்டர்களின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளப்போம். ஒன்று மட்டும் குறைந்தால் காயம் அதற்குள்தான்.

டர்போவுக்கு எண்ணெய் ஊட்டும் மெல்லிய குழாய் அடைத்திருந்தால், புதிய டர்போவும் விரைவில் போய்விடும். பலர் கடைசியில் பார்ப்பது அதைத்தான்.