ஓசூர்ல வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்காய் சீசன் முடிஞ்சு கையில கொஞ்சம் பணம் நிக்கிற வீடு, ரிட்டயர் ஆகி பி.எஃப். பணம் வாங்கின வீடு, பையன் பெங்களூருல வேலை பார்த்து மிச்சம் பிடிக்கிற வீடு, இந்த மூணு வீட்டுலயும் இப்போ ஒரே பேச்சுதான். "ஓசூர்ல ஒரு வீடு வாங்கிப் போட்டுடலாமா? மாசாமாசம் வாடகை வருமே?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். வாடகையை நம்பி, கடன் வாங்கி, புதுசா ஒரு வீடு வாங்கறது நம்ம பக்கத்துல பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆனா ஓசூர்லயோ கிருஷ்ணகிரியிலயோ ஏற்கெனவே சொந்த மனை இருக்கு, இல்ல மேல மாடி எழுப்பற மாதிரி ஒரு வீடு இருக்குன்னா, அதுல கட்டி விடறது கட்டுப்படியாகும். ஏன்னு கணக்கு போட்டுப் பாத்துடுவோம்.

ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 40 லட்சத்துக்கு ரெண்டு பெட்ரூம் வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. அதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். ஆக உங்க கையை விட்டுப் போனது 43 லட்சத்து 60 ஆயிரம். வாடகை மாசம் 12,000, வருஷத்துக்கு 1,44,000. ஒருத்தர் காலி பண்ணி இன்னொருத்தர் குடிவர்றதுக்குள்ள ஒரு மாசம் போயிடும், 12,000 கழிங்க. வெள்ளையடிக்கிறது, மோட்டார் ரிப்பேர், வீட்டு வரி, தரகர் கமிஷன் எல்லாம் சேர்த்து ஒரு 20,000 கழிங்க. மிச்சம் 1,12,000. நூத்துக்கு ரெண்டரை ரூபாதான் நிக்குது. நம்ம ஊர்ல "ரெண்டு வட்டி"ன்னா மாசத்துக்குன்னு அர்த்தம். இது வருஷத்துக்கு! பேங்க்ல எஃப்.டி. போட்டாலே இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வரும்.

கடன் வாங்கினா இன்னும் மோசம். 30 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 26,000. வாடகை வர்றது 12,000. மீதி 14,000 மாசாமாசம் உங்க சட்டைப் பையில இருந்து போகும். "விலை ஏறுமே சார்"னு சொல்லுவீங்க. ஏறலாம். ஆனா அது நில வியாபாரம். விக்கிற அன்னிக்குத்தான் அந்தக் காசு கைக்கு வரும். ரிட்டயர் ஆனவருக்கு மருந்துச் செலவு மாசாமாசம் வருதே, அதுக்கு ஏறின விலை உதவாது.

இப்போ இன்னொரு கணக்கு. அதே ஓசூர்ல உங்க அண்ணன் தம்பி பாகத்துல வந்த வீடு ஒண்ணு இருக்கு. மேல 18 லட்சம் செலவு பண்ணி ரெண்டு சின்ன போர்ஷன் கட்டறீங்க. ஒரு போர்ஷன் 7,500, மாசம் 15,000. வருஷத்துக்கு 1,80,000. அதுல ஒரு மாச வாடகையையும், செலவுக்கு 25,000-மும் கழிச்சா 1,40,000 நிக்கும். நூத்துக்கு ஏழே முக்கால் ரூபா. ஏன் இவ்வளவு வித்தியாசம்? நீங்க கொடுக்கிற 40 லட்சத்துல பெரும்பங்கு மண்ணுக்குப் போகுது. குடிவர்றவர் வாடகை கொடுக்கிறது சுவருக்கும் கூரைக்கும் தண்ணிக்கும்தான், மண்ணோட விலைக்கு இல்ல. ஆனா ஒரு விஷயம். அஸ்திவாரம் மாடியைத் தாங்குமான்னு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்க, பிளான் அப்ரூவல் வாங்குங்க, அப்புறம் செங்கல் இறக்குங்க.

அடுத்தது, உங்க வீட்டுக்கு யார் குடிவருவாங்க? இதை யோசிக்காமதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

"காலேஜ் பக்கத்துல வாங்கினா வாடகைக்குக் கவலையே இல்லை"ன்னு தரகர் சொல்லுவார். பர்கூர்ல 1994-லயே அரசு பொறியியல் கல்லூரி வந்தாச்சு. ஓசூர்ல அதியமான் பொறியியல் கல்லூரி இருக்கு. கிருஷ்ணகிரியில 150 இடத்தோட அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்னிக்குத் திறந்தது. எல்லாம் சரி. ஆனா மெடிக்கல் காலேஜ் பசங்களுக்கு வளாகத்துக்குள்ளயே விடுதி இருக்கு. அவங்க உங்க வீட்டுக்கு வரமாட்டாங்க. வர்றது யாருன்னா நர்ஸுங்க, லேப் டெக்னீஷியன், மருந்துக் கடைக்காரர், மாத்தலாகி வர்ற ஊழியர் குடும்பம். கல்லூரியைக் காட்டி வீடு விக்க வந்தா, "விடுதியில எத்தனை பேருக்கு இடம்? எத்தனை பேர் வெளியில தங்கறாங்க?"ன்னு அந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. கடந்த பத்து, பதினஞ்சு வருஷத்துல தமிழ்நாட்டுல எத்தனையோ தனியார் பொறியியல் கல்லூரிகளை மூடிட்டாங்க. அப்படி மூடின ஒரே கல்லூரியை நம்பிக் கட்டின அறைகளை அப்புறம் யாருக்கு விடறது? 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ பசங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போனதை நாம எல்லாரும் பாத்தோம்.

கம்பெனியும் அப்படித்தான். ஓசூருக்கு ஒரு பலம் இருக்கு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்னு நாப்பது வருஷமா பல தொழில் அங்க வேர் விட்டிருக்கு. சின்னச் சின்ன உதிரிபாகப் பட்டறைங்க வேற. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தாங்கும். ஒரே ஒரு பெரிய தொழிற்சாலையை நம்பி அதோட கேட்டுக்கு எதிர்ல கட்டற வீட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. ஆர்டர் குறைஞ்சா முதல்ல ஒப்பந்தத் தொழிலாளரைத்தான் நிறுத்துவாங்க. அடுத்த மாசம் உங்க வீட்டு வாசல்ல டூ-லெட் போர்டு. இன்னொண்ணும் பாருங்க. 2024 ஆகஸ்ட்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல 18,720 பெண் தொழிலாளர் தங்கற குடியிருப்பை அரசே கட்டித் திறந்துச்சு. பெரிய கம்பெனி வர்ற இடத்துல எல்லாம் இனிமே இந்த வழிதான். அதனால தனி ஆளுங்களுக்குன்னு கட்டில் கணக்குல அறை கட்டறவங்க ரொம்ப யோசிக்கணும்.

அதிலயும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்தறதா இருந்தா, அது வெறும் வாடகை விஷயம் இல்ல. தமிழ்நாட்டுல 2014-ல இருந்து இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. பதிவு பண்ணி உரிமம் வாங்கணும், வார்டன், காவலாளி எல்லாம் வைக்கணும். பாரூர்ல உக்காந்துக்கிட்டு ஓசூர்ல ஹாஸ்டல் நடத்த முடியாது.

என்னைக் கேட்டா குடும்பத்துக்கு விடுங்க. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேர்த்த குடும்பம் சீக்கிரம் காலி பண்ணாது. அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போறவங்க நிறைய பேர் வாடகை குறைவுன்னு ஓசூர்ல குடியிருக்காங்க. 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சதும் அவங்களுக்கு வசதியாச்சு. இவங்களுக்கு வேண்டியது பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், பைக் நிறுத்த இடம். மார்பிள் தரையும் கண்ணாடி பால்கனியும் வாடகையை ஏத்தாது.

மா மரத்துல ஒரு வருஷம் காய்ப்பு, ஒரு வருஷம் ஓய்வு. நமக்கு இது தெரியாததில்ல. வாடகை வீடும் அப்படித்தான். ரெண்டு மாசம் காலியா கிடந்தாலும் தவணை கட்டற தெம்பு இருக்கா? இல்லேன்னா இறங்காதீங்க.

அப்புறம் விமான நிலையம். 2024 ஜூன்ல சட்டமன்றத்துல முதல்வர் அறிவிச்சார், ஓசூர்ல 2,000 ஏக்கர்ல விமான நிலையம்னு. அன்னில இருந்து சுத்துப்பட்டு ஊரெல்லாம் மனை போட்டுட்டாங்க. ஆனா பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்துல, 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள புதுசா வேறொண்ணு வர 2033 வரைக்கும் தடை இருக்கு. வரலாம், நல்லா வரட்டும். ஆனா அதுவரைக்கும் உங்களுக்கு வாடகை தரப்போறது இன்னிக்கு அங்க சம்பளம் வாங்கற ஆளுங்கதான். அறிவிப்பை நம்பி யாரும் குடிவர மாட்டாங்க. ரொம்பப் பக்கத்துல வாங்கினா நிலம் எடுப்புக்குள்ள மாட்டிக்கற ஆபத்தும் இருக்கு.

சரி, இவ்வளவுக்கு அப்புறமும் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. தரகர் இல்லாம, ஞாயித்துக்கிழமை காலையில அந்தத் தெருவுல ஒரு நடை நடங்க. டூ-லெட் போர்டு எத்தனை தொங்குது, அதுல எத்தனை வெயில்ல வெளுத்துப் போயிருக்குன்னு பாருங்க. வெளுத்த போர்டு மாசக்கணக்கா காலி வீடு. மளிகைக் கடைக்காரர்கிட்ட "இங்க தண்ணி எப்படிங்க?"ன்னு கேளுங்க. வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்லுவார். தெருவுல காலையிலேயே ரெண்டு தண்ணி லாரி நிக்குதுன்னா போர் வத்திப்போச்சுன்னு அர்த்தம். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தண்ணியில ஃபுளோரைடு இருக்குங்கிறதாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அந்தக் குழாய் அந்தத் தெருவுக்கு வருதான்னு பாருங்க. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இ.பி. மீட்டர் இருக்கணும். ஒரே மீட்டர்ல மூணு குடும்பம்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சண்டை நிச்சயம்.

காகிதம் பாக்கிறதுல தயவு பாக்காதீங்க. வில்லங்கச் சான்று குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. பட்டா விக்கிறவர் பேர்லயே இருக்கணும். மனைக்கு நகர் ஊரமைப்புத் துறையோட (டி.டி.சி.பி.) அங்கீகார எண் கேளுங்க. 2016 அக்டோபர் 20-க்கு அப்புறம் போட்ட அங்கீகாரமில்லாத மனைன்னா, விலை பாதியா இருந்தாலும் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில மலிவா இருக்குன்னு போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அங்க பட்டா கிடையாது, 'காத்தா'ங்கிற ஆவணம். சட்டமும் வேற. கன்னடத்துல இருக்கிற பத்திரத்தை அந்த ஊர் வக்கீல் படிச்சுச் சொல்லாம பேனாவைத் தொடாதீங்க.

கடைசியா, ஒப்பந்தம். தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரி 22-ல இருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு. முத்திரைத் தாள்ல 11 மாசத்துக்கு எழுதி பீரோவுல வெச்சுக்கிட்டா போதாது, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். அட்வான்ஸுக்கு மூணு மாச வாடகைங்கிறதுதான் சட்டம் சொல்ற அளவு. பெங்களூருல பத்து மாசம் வாங்கறாங்களேன்னு இங்க கேக்காதீங்க. காலி பண்ணினா ஒரு மாசத்துக்குள்ள, பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும். வாடகை பாக்கின்னு தண்ணியையும் கரண்டையும் நிறுத்தறதும் சட்டப்படி தப்பு. அந்த அட்வான்ஸை எடுத்துச் செலவு பண்ணிடாம பேங்க்லயே போட்டு வைங்க.

"லீசுக்கு விடறேன், அஞ்சு லட்சம் மொத்தமா வரும், வாடகையே வேண்டாம்"னு சிலர் நினைக்கிறாங்க. அந்த அஞ்சு லட்சம் வருமானம் இல்ல, கடன். பொண்ணு கல்யாணத்துக்குச் செலவாயிட்டா மூணு வருஷம் கழிச்சு எங்க இருந்து திருப்பிக் கொடுப்பீங்க? வருமான வரியும் மறக்காதீங்க. வாடகையில வீட்டு வரியைக் கழிச்சு, மிச்சத்துல 30 சதவீதம் செலவுக்குன்னு கழிவு தர்றாங்க, மீதிக்குக் கணக்கு காட்டணும்.

ஆக நான் சொல்றது இதுதான். சொந்த இடம் இருந்தா கட்டுங்க, குடும்பத்துக்கு விடுங்க, கடனைக் குறைச்சலா வைங்க. இடம் இல்ல, பணம் மட்டும்தான் இருக்குன்னா அவசரப்படாதீங்க. அது பேங்க்ல கொஞ்ச நாள் தூங்கினா ஒண்ணும் கெட்டுப்போகாது. "நாளைக்கே டோக்கன் போடலேன்னா போயிடும்"னு யாராவது சொன்னா, போகட்டும்னு விட்டுடுங்க. ஓசூர்ல அடுத்த வாரமும் வீடு விப்பாங்க.