‘சுற்றுலா’ என்று சொல்லப்பட்ட வெளியேற்றம்





நம் வீட்டில் குழந்தை பிறந்தால் காதில் பாங்கு சொல்லி, நல்ல பெயர் சூட்டி மகிழ்கிறோம். அந்தப் பெயரை மாற்றிக்கொள் என்று ஓர் அரசு ஆணையிட்டால் நம் மனம் என்ன பாடுபடும்?

பல்கேரியாவில் அது நடந்தது. 1984 டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் 8 லட்சத்துக்கும் அதிகமான துருக்கிய முஸ்லிம்களுக்கு பல்கேரியப் பெயர்கள் திணிக்கப்பட்டன. பொது இடத்தில் துருக்கி மொழி பேசத் தடை, கத்னாவுக்கும் தடை. எதிர்த்தவர்கள் பலர் பெலெனே தீவு முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அரசின் கையிலிருந்த பத்திரிகைகள், மக்கள் தாங்களே விரும்பிப் பெயர் மாற்றிக்கொண்டதாக எழுதின. துருக்கி மொழியில் வந்துகொண்டிருந்த ‘யெனி இஷிக்’ பத்திரிகையும் தன் மொழியை இழந்தது.

1989 மே மாதம் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்தச் செய்தி வெளிநாட்டு வானொலிகள் வழியாகத்தான் அந்நாட்டு மக்களுக்கே எட்டியது. மே 29 அன்று ஆட்சித் தலைவர் தோதோர் ஷிவ்கோவ் தொலைக்காட்சியில் தோன்றி, எல்லையைத் திறக்கும்படி துருக்கியைக் கேட்டார். ஆகஸ்டில் துருக்கி எல்லையை மூடும்வரை 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினர். வீட்டையும் ஆடுமாடுகளையும் புகையிலை வயலையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைச் ‘சுற்றுலாப் பயணிகள்’ என்றது அரசு. அந்த வெளியேற்றத்துக்கு ‘பெரும் சுற்றுலா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நவம்பரில் ஷிவ்கோவ் பதவியிழந்தார். டிசம்பர் இறுதியில் பழைய பெயர்களைத் திருப்பித்தர முடிவானது. நடந்தது இனச்சுத்திகரிப்பின் ஒரு வடிவம் என்று பல்கேரிய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள 2012 வரை ஆயிற்று.

ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரின் கண்ணீரை மறைக்க முடிகிறது, பாருங்கள்! வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை செய்தியைப் படிப்பவருக்கும் உண்டு, பிறருக்கு அனுப்புபவருக்கும் உண்டு. பாதிக்கப்பட்டவர் நம் சமுதாயத்தவரானாலும் பிற சமுதாயத்தவரானாலும், அவர் வாயிலிருந்து வரும் சொல்லைக் கேட்காமல் நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வீடிழந்த அனைவருக்கும் அல்லாஹ் நிம்மதியைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.